சிறு தோட்டங்களில் குட்டை ஊசியிலைச் செடிகள்

ஊசியிலை மரங்கள் என்றவுடன் இமயமலைச் சாரலில் ஓங்கி நிற்கும் தேவதாருவும், உதகமண்டலத்துச் சாலையோரங்களில் வானளாவி நிற்கும் சைப்ரஸ் மரங்களுமே பலருக்கு நினைவில் தோன்றும். ஆயினும், அவ்வினங்களிலேயே முழங்கால் உயரத்திற்கு மேல் எழாதவையும், தரையோடு தரையாய்ப் பாய்போல் படர்பவையும் உள்ளன. ஐரோப்பாவிலும், அமெரிக்காவிலும், ஜப்பானிலும் சிறு வீட்டுத் தோட்டங்களை அழகுபடுத்த இவை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. ஆண்டு முழுவதும் பசுமை மாறாதிருப்பதும், உருவம் எளிதில் கலையாதிருப்பதும், மெல்ல வளர்வதும் இவற்றின் சிறப்புகளாகும். இடம் சுருங்கிய இக்காலத்து நகரங்களில் இம்மூன்றும் பெரிதும் விரும்பத்தக்க குணங்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால், குளிர்நாட்டுத் தோட்ட நூல்களில் கண்ட செடியை அப்படியே கடற்கரை நகரத்திற்குக் கொண்டுவந்தால் பயன் கிட்டுவதில்லை. சில செடிகள் முதல் மழைக்காலத்திலேயே மடிகின்றன. வேறு சில, குட்டையெனக் கருதி நடப்பட்டு, பத்தாண்டுகளில் கூரையைத் தாண்டி வளர்ந்து வீட்டுக்குடையோரை இக்கட்டில் ஆழ்த்துகின்றன. எவை ஏற்றவை, எவை ஏலாதவை, அவற்றைச் சிறு நிலத்தில் எவ்வாறு அமைப்பது என்பனவற்றை, நவி மும்பையின் ஐரோலியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோலியின் நிலமும் சீதோஷ்ணமும்

மும்பை நகரின் நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு, 1970ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சிட்கோ என்னும் கழகத்தின் வாயிலாக நவி மும்பை உருவாயிற்று. அதன் வடபகுதியில், தாணே கழியின் கீழ்க்கரையில் அமைந்துள்ள குடியிருப்பே ஐரோலி. 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் இதனை மறுகரையிலுள்ள முலுண்டுடன் இணைக்கிறது. கழியோரத்தில் அலையாத்திக் காடுகள் செறிந்துள்ளன. இக்கழியின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. மகாராஷ்டிர வனத்துறையின் கடலோர உயிரின வள மையம் ஐரோலியிலேயே இயங்கி வருகிறது.

தோட்டக்கலை நோக்கில் இவ்விவரங்கள் முக்கியமானவை. கழியை அடுத்த தாழ்நிலங்களில் அடிமண் கனத்த களிமண்ணாகவும் உவர்த்தன்மை உடையதாகவும் இருக்கும். கட்டடம் எழுப்புமுன் அதன்மேல் 'முரம்' எனப்படும் செம்மை கலந்த சரளைமண்ணைக் கொட்டி நிலத்தை உயர்த்துவது வழக்கம். ஆகவே, வீட்டின் முகப்பிலுள்ள சிறு தோட்டத்தில் மேலே இறுகிய சரளையும், கீழே நீர் எளிதில் இறங்காத களியும் காணப்படுவதுண்டு. இவ்விரண்டிற்கும் இடையில் மழைநீர் தேங்கி நிற்கும்.

மழையின் அளவோ மிகுதி. மும்பைப் பகுதியில் ஆண்டொன்றிற்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் கொட்டிவிடுகிறது. எஞ்சிய எட்டு மாதங்களும் பெரும்பாலும் வறண்டவையே. ஜனவரி மாதத்து இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 15 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே செல்வதில்லை. நான்கு மாத வெள்ளம், எட்டு மாத வறட்சி, குளிர்காலமின்மை ஆகிய இம்மூன்றையும் தாங்கவல்ல செடியே இங்கு நிலைக்கும்.

குட்டை வேறு, குட்டி வேறு

நாற்றுப்பண்ணையில் ஓரடி உயரமுள்ள இரண்டு செடிகள் அருகருகே இருக்கலாம். அவற்றுள் ஒன்று குட்டை. மற்றொன்று வெறும் குட்டி. குட்டைச் செடி முதிர்ந்த பின்னரும் சிறியதாகவே இருக்கும். குட்டியோ இன்று சிறியது, நாளை மரமாகும். இவ்வேறுபாட்டை உணராமையே சிறு தோட்டங்களில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணமாகும்.

இதனைப் பிரித்தறிய உயரத்தைப் பாராது ஆண்டு வளர்ச்சியைப் பார்த்தல் வேண்டும். அமெரிக்க ஊசியிலைச் சங்கத்தார் இவ்வகைச் செடிகளை நான்கு தரங்களாகப் பிரித்துள்ளனர். ஆண்டொன்றிற்கு 2.5 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்பவை சிற்றுருவினம், 2.5 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளர்பவை குட்டையினம். 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளர்பவை இடையினம். அதற்கும் மேற்பட்டவை பேரினம். குட்டையினமும் வளர்ச்சியை நிறுத்திவிடுவதில்லை, மெதுவாக வளர்கிறது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மேலும், இவ்வளவுகள் குளிர்நாட்டு வளர்ச்சியைக் கொண்டு வகுக்கப்பட்டவை. ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும் இடங்களில், செடிக்கு ஒத்துக்கொண்டால், வளர்ச்சி சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

குட்டைத்தன்மை தோன்றும் விதம்

ஓங்கி வளரும் இனத்தில் குட்டை வகை தோன்றுவது எவ்வாறு? இதற்குப் பல வழிகள் உள்ளன.

முதலாவது, விதையில் நேரும் மாறுதல். ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்கிடையே ஒன்றிரண்டு மட்டும் இயல்பிலேயே குறுகி வளர்வதுண்டு. கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், 1904ஆம் ஆண்டில், அர்னால்டு மரப்பூங்காவைச் சேர்ந்த ஜாக், ரேடர் என்னும் இரு தாவர நூலறிஞர்கள், கூம்பு வடிவில் நெருங்கி வளர்ந்திருந்த வெள்ளை ஸ்புரூஸ் செடிகளைக் கண்டெடுத்தனர். இன்று உலகெங்கும் தோட்டங்களில் நிற்கும் குட்டை ஆல்பர்ட்டா ஸ்புரூஸ் அக்கண்டுபிடிப்பின் வழிவந்ததேயாகும்.

இரண்டாவது, மொட்டில் நேரும் மாறுதல். பெரிய மரத்தின் ஒரு கிளையில் மட்டும் சிறு குச்சிகள் துடைப்பக்கட்டு போல் அடர்ந்து தோன்றுவதுண்டு. ஐரோப்பியக் கிராமத்தார் இதனைச் 'சூனியக்காரியின் துடைப்பம்' என்றழைத்தனர். பூஞ்சணம் அல்லது ஒட்டுண்ணியின் தாக்குதலாலும் இவ்வடிவம் தோன்றும். அவ்வாறு தோன்றியது பிற செடிக்குத் தொடராது. மொட்டின் மரபுப் பண்பு மாறியதனால் தோன்றியதாயின், அக்குச்சியை வெட்டி நட்டோ, ஒட்டுக்கட்டியோ புதிய குட்டை வகையைப் பெறலாம். இமயமலையிலும் சீனத்திலும் இயற்கையாய் வளரும் ஜூனிபரஸ் ஸ்குவாமேட்டா என்னும் இனத்தின் 'நீல விண்மீன்' என்ற குட்டை வகை, ஹாலந்து நாட்டில் இவ்வாறே ஒரு துடைப்பக் கொத்திலிருந்து பெறப்பட்டது.

மூன்றாவது, பக்கக் கிளையின் குணம். சில இனங்களில் பக்கக் கிளையை வெட்டி நட்டால், அது நிமிர்ந்து மரமாகாமல் பக்கவாட்டிலேயே படரும். அரவுகேரியா மரத்தில் இது தெளிவாகக் காணப்படுகிறது. நுனிக்குருத்தை நட்டால் நிமிரும். பக்கக் கிளையை நட்டால் கிடையாகவே வளரும்.

நான்காவதாகக் கூறத்தக்கது சூழ்நிலையால் விளையும் குறுக்கம். மலையுச்சியின் கடுங்காற்றில் குறுகிய மரமும், தொட்டியில் வேரும் கிளையும் கத்தரிக்கப்பட்டு வளரும் போன்சாய் மரமும் இவ்வகையைச் சேர்ந்தவை. இக்குறுக்கம் மரபுவழி வந்ததன்று. போன்சாய் மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தரையில் நட்டால், அது தன் இனத்திற்குரிய வளர்ச்சியை மீண்டும் மேற்கொள்ளும்.

குளிர்நாட்டு வகைகள் தழைக்காமையின் காரணம்

ஸ்புரூஸ், பிர் போன்ற இனங்கள் குளிர்காலத்தில் ஓய்வு நிலையை அடைகின்றன. 5 பாகை சென்டிகிரேடை ஒட்டிய குளிர் பல வாரங்கள் தொடர்ந்து கிட்டினால்தான் அவற்றின் மொட்டுகள் ஓய்வு நீங்கி ஒழுங்காக மலர்கின்றன. ஐரோலியில் அத்தகைய குளிர் ஒரு நாளும் இல்லை. ஆகவே மொட்டுகள் முறையின்றி அரைகுறையாக விரிகின்றன. சில விரிவதே இல்லை.

மற்றொரு காரணம் இரவின் வெப்பம். பகலில் இலைகள் ஒளிச்சேர்க்கையால் சர்க்கரையை ஆக்குகின்றன. இரவும் பகலும் செடி சுவாசித்து அதனைச் செலவிடுகிறது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய செடி, வெப்பமான இரவுகளில் தன் சேமிப்பையெல்லாம் செலவிட்டு மெலிந்துபோகிறது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலையே அதன் நிலையும்.

மூன்றாவது காரணம் வேரழுகல். நீர் தேங்கிய மண்ணில் பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிர் பெருகி வேர்களைத் தாக்குகிறது. வேர் அழிந்த பின்னரும் ஊசியிலைகள் சில வாரங்கள் பச்சையாகவே இருக்கும். எனவே நோய் வெளியில் தெரியும்போது செடி பெரும்பாலும் மடிந்திருக்கும். மழைக்காலத்தில் நேர்ந்த சாவு அக்டோபர் வெயிலில்தான் கண்ணுக்குப் புலனாகிறது. வாடியது வறட்சியால் என்றெண்ணி மேலும் நீர் ஊற்றுவது தவறாகும்.

ஆகவே ஆல்பர்ட்டா ஸ்புரூஸ், நீல விண்மீன் முதலியவற்றை உதகமண்டலம், கோடைக்கானல் போன்ற மலை நகரங்களுக்கே விட்டுவிடுதல் நன்று. உதகையில் 1848ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று மக்ஐவர் என்பாரால் உருவாக்கப்பட்ட தாவரப் பூங்கா, குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள் அவ்வுயரத்தில் எவ்வளவு செழிக்கின்றன என்பதற்குச் சான்றாக நிற்கிறது. சமவெளிக்கு அதே மரங்கள் பொருந்தா.

ஐரோலிக்கு ஏற்றவை

கடற்கரை வெப்பத்தைத் தாங்கும் ஊசியிலைச் செடிகள் எண்ணிக்கையில் சிலவேயாயினும், சிறு தோட்டத்திற்கு அவை போதுமானவை.

அவற்றுள் முதலிடம் பெறுவது கீழைத் தூயா. மராத்தியரும் வடநாட்டாரும் இதனை 'மோர்பங்கி', அதாவது மயிற்பீலி, என்பர். தட்டையான கிளைக்கொத்துகள் விசிறிபோல் செங்குத்தாக அடுக்கப்பட்டிருப்பதே இப்பெயருக்குக் காரணம். இதன் கிளைத்துணுக்கை நூலுக்குள் வைத்தால் கல்வி வளரும் என்று வடநாட்டுச் சிறுவர் நம்புவதுண்டு. லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் தூயா ஓரியண்டாலிஸ் எனப் பெயரிட்ட இச்செடி, 1949ஆம் ஆண்டு முதல் பிளாட்டிகிளாடஸ் ஓரியண்டாலிஸ் எனப்படுகிறது. இவ்வினம் மரமாக வளரக்கூடியது. ஆனால் 'அவ்ரியா நானா' என்னும் பொன்னிறக் குட்டை வகை முட்டை வடிவில் நெருங்கி, மெதுவாக வளரும். விதையிலிருந்து எழும் நாற்று தாயை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே குட்டை வகை வேண்டுவோர் தண்டுத் துண்டிலிருந்து எழுப்பிய கன்றையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

அடுத்தது சீன ஜூனிபர். இதில் நிமிர்பவையும் படர்பவையும் உண்டு. இளம் இலைகள் ஊசிபோல் குத்தும். முதிர்ந்தவை செதில்போல் தண்டோடு ஒட்டியிருக்கும். நல்ல வெயிலும் வடிகாலும் இருந்தால் இது தொட்டியிலும் தரையிலும் நிலைக்கும். நிழல் இதற்கு ஆகாது; உட்கிளைகள் காய்ந்து உதிர்ந்துவிடும்.

மூன்றாவது பொடோகார்ப்பஸ் மேக்ரோபில்லஸ். இதன் இலைகள் ஊசியாயிராமல், அரளி இலையைப்போல் நீண்டு குறுகியிருக்கும். 'மாக்கி' என்னும் வகை நெருங்கி நிமிர்ந்து மெதுவாக வளரும். உப்புக்காற்று, அரைநிழல், அடிக்கடி கத்தரித்தல் ஆகியவற்றைத் தாங்குவதால் கழியோர வீடுகளுக்கு இதுவே மிகப் பாதுகாப்பான தேர்வு எனலாம். இதன் விதை நச்சுத்தன்மை உடையதாதலின், சிறுவர் அதனை வாயில் வைக்காவண்ணம் எச்சரித்தல் அவசியம்.

பொடோகார்ப்பஸ் குடும்பத்திற்கும் தென்னிந்தியாவிற்கும் ஓர் உறவுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகளில் வளரும் நாகேயா வாலிச்சியானா என்னும் பெருமரம் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாய் வளரும் ஊசியிலை இனம் இது ஒன்றே. இதன் இலையோ அகன்றது, நடுநரம்பு அற்றது. ஊசியிலை மரம் என்னும் பெயர் இலையின் வடிவத்தை மட்டும் கொண்டு அமைவதன்று என்பதை ஆசிரியர்கள் இதனைக் காட்டி விளக்கலாம்.

தோற்றத்தால் ஏமாற்றுபவை

நகரத்துக் கடைகளில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்னும் பெயரில் விற்கப்படும் அரவுகேரியா, தொட்டியில் இருக்கும்போது மிக அழகியது. அடுக்கடுக்காய் அமைந்த கிளைகளும் ஒழுங்கான கூம்பு வடிவமும் எவரையும் கவரும். ஆனால் இது குட்டையன்று, குட்டி. நார்போக் தீவைத் தாயகமாகக் கொண்ட இனமும், நியூ கலிடோனியாவைச் சேர்ந்த குக் பைன் எனப்படும் இனமும் முதிர்ந்த நிலையில் 50 மீட்டரையும் எட்டவல்லவை. பெங்களூர் லால்பாக்கில் ஓங்கி நிற்கும் அரவுகேரியா மரங்களைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர்.

வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட மூன்றடி இடத்தில் இதனை நட்டால் நேர்வது யாது? ஆண்டுக்கு ஓரடி முதல் இரண்டடி வரை வளர்ந்து, பத்தாண்டுகளில் மாடிச் சன்னலை மறைக்கும். பின்னர் மின்கம்பியைத் தொடும். நுனியை வெட்டினால் உருவம் கெடும். அதன் அழகே அந்நுனியில்தான் உள்ளது. வேரோடு அகற்றலாமெனின், மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம், 1975-இன்படி, மர ஆணையத்தின் முன் அனுமதி பெறாமல் நகரில் மரத்தை வெட்டலாகாது. தன் நிலத்தில் தான் நட்ட மரமாயினும் இதுவே விதி. ஆகவே, தொட்டியிலேயே வைத்து வளர்க்கும் எண்ணமுடையோர் மட்டும் இதனை வாங்குதல் வேண்டும். நகரின் மரத்தைக் காக்கும் சட்டம் நல்லதே. ஆராயாது நடுவதே தவறு.

மற்றொரு ஏமாற்று சவுக்கு. ஊசிபோன்ற பச்சைக் குச்சிகளும் கூம்பு போன்ற காய்களும் கொண்டமையால் பலர் இதனை ஊசியிலை மரமென எண்ணுவர். உண்மையில் சவுக்கு பூக்கும் தாவரம். ஊசியெனத் தோன்றுவது இலையன்று. கணுக்களுடைய மெல்லிய தண்டு. ஆயினும் இத்தோற்றத்தைத் தோட்டக்காரர் நன்கு பயன்படுத்திக்கொள்ளலாம். உவர்மண்ணையும் காற்றையும் தாங்கும் சவுக்கை அடிக்கடி கத்தரித்து வேலியாகவும் உருண்டையாகவும் அமைத்தால், குறைந்த செலவில் ஊசியிலைச் செடியின் தோற்றம் கிட்டும். கத்தரிப்பதை ஓராண்டு மறந்தாலும் அது மரமாகிவிடும் என்பதே இதிலுள்ள இடர்.

இடத்தைக் கணக்கிடல்

சிறு தோட்டத்தின் முதற்கருவி மண்வெட்டியன்று, அளவுநாடா. செடி பத்தாண்டுகளுக்குப் பின் பெறும் பரப்பைக் கணக்கிட்டே குழியின் இடத்தைக் குறித்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, இப்போது 30 சென்டிமீட்டர் உயரமுள்ள செடி ஆண்டுக்கு 7.5 சென்டிமீட்டர் வளருமாயின், பத்தாண்டுகளில் 105 சென்டிமீட்டர் ஆகும். அது சன்னலின் அடிக்கட்டைக்குக் கீழே அடங்கும். படரும் ஜூனிபர் ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் பரவுமாயின், பத்தாண்டுகளில் அதன் அகலம் 2 மீட்டருக்கு மேற்படும். ஆகவே அதனை நடைபாதையின் ஓரத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாகத் தள்ளி நடவேண்டும். சுவரின் அருகில் நடும் எச்செடிக்கும் எதிர்பார்க்கும் அகலத்தில் பாதியளவேனும் இடைவெளி விடுதல் பொதுவிதி.

இடைவெளி விட்டால் முதல் ஆண்டுகளில் தோட்டம் வெறுமையாகத் தோன்றும். அவ்வெறுமையை நிரப்பக் கூடுதலாகச் செடி நடலாகாது. செவ்வந்தி, மேசைரோசா போன்ற ஓராண்டுப் பூச்செடிகளை இடையில் நட்டு, செடிகள் பரவப் பரவ அவற்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

உருவங்களை இணைத்தல்

குட்டை ஊசியிலைச் செடிகள் பூவால் அழகு தருவன அல்ல. உருவத்தாலும் இலையின் நயத்தாலும் அழகு தருவன. கூம்பு, உருண்டை, தூண், படர்வு என நான்கு உருவங்களாக இவற்றைப் பிரிக்கலாம். நான்கையும் ஒரே இடத்தில் நெருக்கினால் காட்சிசாலை போலத் தோன்றுமேயன்றித் தோட்டமாகத் தோன்றாது. சிறு நிலத்திற்கு ஒரு நிமிர்ந்த செடி, ஓர் உருண்டைச் செடி, ஒரு படரும் செடி ஆகிய மூன்றே போதும். நிமிர்ந்ததை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தால், கண் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும். இடமும் பெரிதாகத் தோன்றும்.

நுண்ணிய இலைகளுக்கு அருகே அகன்ற இலைகள் இருந்தால் இரண்டும் சிறக்கும். மோர்பங்கியின் அருகில் கல்வாழையோ, பொடோகார்ப்பஸின் அடியில் பெரணியோ பொருத்தமாக அமையும். பொன்னிற வகை ஒரு தோட்டத்திற்கு ஒன்று போதும். பல இருப்பின் நோயுற்ற தோட்டமெனத் தோன்றும். கருங்கல் மிகுந்த மகாராஷ்டிரத்தில் இரண்டு மூன்று கற்களைப் பாதியளவு மண்ணில் புதைத்து வைத்தால், படரும் செடிக்கு அவை நல்ல பின்னணியாகும். வேர்ப்பகுதியின் ஈரமும் காக்கப்படும்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்ற இடங்களில் தரையே கிடைக்காத குடும்பங்கள் பல. சன்னலின் இரும்புக் கூண்டே அங்கு தோட்டம். அத்தகைய இடத்திற்குப் பொடோகார்ப்பஸ் ஒன்றை 25 முதல் 30 சென்டிமீட்டர் வாயகலமுள்ள தொட்டியில் வளர்க்கலாம். நனைந்த மண் நிறைந்த தொட்டியின் பாரம் பெரிதாதலால், கூண்டின் வலிமையை முதலில் சோதித்தல் வேண்டும். கீழே மக்கள் நடமாடும் இடங்களில் தொட்டியைக் கம்பியோடு பிணைத்துக் கட்டுதல் கட்டாயம்.

நடவும் பராமரிப்பும்

ஐரோலி போன்ற நிலத்தில் குழி தோண்டி நடுவதைவிட, மேடை எழுப்பி நடுவதே சிறந்தது. இறுகிய மண்ணில் தோண்டிய குழி, மழைக்காலத்தில் நீர் நிறைந்த தொட்டியாகிவிடும். செங்கல்லோ கருங்கல்லோ கொண்டு 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்திற்கு வரம்பு கட்டி, அடியில் உடைகல் பரப்பி, அதன்மேல் செம்மண், பருமணல், மக்கிய இலையுரம் ஆகியவற்றைச் சமபங்கில் கலந்து நிரப்பலாம். வரம்பின் அடியில் நீர் வெளியேறத் துளைகள் விடுதல் வேண்டும். கழியோரத்து மணலில் உப்பு இருக்குமாதலின், அதனைப் பயன்படுத்தலாகாது.

மழை ஓய்ந்தபின், அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரை நடுவதற்கு ஏற்ற காலம். அடுத்த மழைக்குள் வேர்கள் பரவ ஏழு மாத அவகாசம் கிட்டும். மழைத் தொடக்கத்தில் நடும் பழக்கம் பிற மரங்களுக்குப் பொருந்தினும் இவற்றிற்குப் பொருந்தாது. நடும்போது வேர்க்கட்டியின் மேற்பரப்பு நிலமட்டத்திற்குச் சற்று மேலே இருக்குமாறு வைத்தல் வேண்டும்.

நீர் ஊற்றுமுன் விரலை இரண்டங்குல ஆழத்திற்கு மண்ணில் செலுத்திப் பார்த்தல் எளிய சோதனை. ஈரம் இருப்பின் ஊற்ற வேண்டியதில்லை. கிணற்று நீர் உவர்ப்பாயின் அதனைத் தவிர்த்தல் நலம். தொட்டிச் செடிகளைக் கடுமழை நாட்களில் கூரையோரத்தில் ஒதுக்கி வைக்கலாம். தொட்டியின் அடித்தட்டை அகற்றிவிடுதல் வேண்டும்.

மார்ச் முதல் மே வரை செஞ்சிலந்தி என்னும் நுண்பூச்சி இலைச்சாற்றை உறிஞ்சும். இலைகள் மங்கிப் பழுப்பு நிறமாகும். கிளையின் அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்து மெல்லத் தட்டினால், நகரும் புள்ளிகளாக இவை தாளில் விழும். வாரம் இருமுறை காலை வேளையில் இலைகளின் மேல் நீரை விசையோடு பீய்ச்சினால் பெரும்பாலும் கட்டுப்படும். அந்நகரத்துத் தூசும் இதனால் நீங்கும்.

கத்தரித்தலில் கவனம்

செம்பருத்தியையோ காகிதப்பூவையோ அடியோடு வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும். ஊசியிலைச் செடிகளில் பெரும்பாலானவை அவ்வாறு துளிர்ப்பதில்லை. பச்சையிலை அற்ற முதிர்ந்த கிளையில் உறங்கும் மொட்டுகள் இல்லாமையே காரணம். மோர்பங்கியையும் ஜூனிபரையும் பழுப்புநிறப் பகுதிவரை வெட்டிவிட்டால், அவ்விடம் என்றும் வெற்றிடமாகவே நிற்கும். எனவே ஆண்டுதோறும் பச்சைநுனிகளை மட்டும் சிறிது சிறிதாகக் கிள்ளுதல் வேண்டும். வேலியை வெட்டும் பெருங்கத்தரியைப் பழக்கமற்றோர் கையில் கொடுத்தல் கூடாது. பொடோகார்ப்பஸ் இதற்கு விலக்கு. அது முதிர்ந்த கிளையிலும் துளிர்க்கும்.

செடியின் உட்புறத்தில் பழைய இலைகள் பழுத்து உதிர்வது இயற்கை. அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நுனியிலிருந்து உள்நோக்கிப் பழுப்பு பரவினால் மட்டுமே வேரையும் வடிகாலையும் உடனே ஆராய்தல் வேண்டும். குட்டை வகையில் திடீரென ஒரு கிளை மட்டும் வேகமாக நீண்டு எழுந்தால், அது தாயினத்தின் குணத்திற்குத் திரும்பியதாகும். அதனை அடியோடு நீக்காவிடில், காலப்போக்கில் அதுவே செடி முழுவதையும் மேற்கொண்டுவிடும்.

பள்ளிகளில் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் மூன்று எளிய சோதனைகளை மாணவர்களைக் கொண்டு நடத்தலாம். முதலாவது, சவுக்கின் பச்சைக் குச்சியைக் கணுவில் இழுத்துப் பிரித்து, கணுவைச் சுற்றியுள்ள பல்போன்ற நுண்ணிலைகளை உருப்பெருக்கியால் காணுதல். அதனை மோர்பங்கியின் செதிலிலையோடு ஒப்பிடுதல். இரண்டாவது, பள்ளியிலுள்ள தொட்டிச் செடியின் உயரத்தை ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் அளந்து பதிவு செய்தல். மூன்றாண்டுப் பதிவு கிடைத்தால், அச்செடி எத்தரத்தைச் சேர்ந்தது என்பதை மாணவரே கூறிவிடுவர்.

மூன்றாவது மிகவும் சுவையானது. குக் பைன் மரங்கள் வடகோளத்தில் தெற்கு நோக்கியும், தென்கோளத்தில் வடக்கு நோக்கியும் சாய்ந்து வளர்கின்றன. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு இதனை நிலைநாட்டியது. சராசரிச் சாய்வு ஏறத்தாழ 8.5 பாகை. ஐரோலி வடகோளத்தில் 19 பாகை அகலாங்கில் உள்ளது. அருகிலுள்ள பூங்காவில் அம்மரம் இருப்பின், தூக்குக்குண்டு நூலும் திசைகாட்டியும் கொண்டு மாணவர்கள் அதன் சாய்வைத் தாமே அளந்து பார்க்கலாம்.

களப்பணியாளர்கள், செடி வாங்க வருவோரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இடத்தின் அகலம் எவ்வளவு? மழைநீர் எவ்வழியே வடிகிறது? வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? இம்மூன்றிற்கும் விடை கண்டபின் செடியைத் தேர்ந்தால், ஒரு குடும்பத்தின் பொருளும் உழைப்பும் வீணாகா. இன்று நட்ட செடியை நாளை வெட்ட அனுமதி தேடி அலையவும் நேரிடாது. நிலத்தை அறிந்து நட்ட ஒரு மோர்பங்கி, படத்தைப் பார்த்து வாங்கிய பத்து ஸ்புரூஸ் செடிகளைவிட நீடித்த பயனைத் தரும்.